ஏலத்தில் வரும் போலி ஸ்கோப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வேட்டைக்கும் இலக்குச் சுடுதலுக்கும் ரைஃபிள் வைத்திருப்பவர்கள், அதன்மேல் பொருத்தும் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) பெரும்பாலும் இணையத்தில்தான் தேடுகிறார்கள். ஈபே, கன்புரோக்கர் போன்ற ஏலத் தளங்களில் ஆயிரம் டாலர் ஸ்கோப் இருநூறுக்குக் கிடைப்பதுபோல் தெரியும். அதில் எது அசல், எது டூப்ளிகேட் என்று திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

எந்தக் கம்பெனி ஸ்கோப்புகளுக்குப் போலி அதிகம்?

ராணுவமும் போலீசும் பயன்படுத்துவதால் பெயர் பெற்றவை எல்லாவற்றுக்கும் உண்டு. ஒரிகானின் பீவர்ட்டனில் இருக்கும் லூபோல்டின் 'மார்க் 4' வரிசை, மிச்சிகனின் டிரிஜிகான் செய்யும் 'ஏகாக்' ஸ்கோப், அதே மாநிலத்தின் இயோடெக் ஹோலோகிராம் சைட்டுகள் (கண்ணாடியில் குறியைக் காட்டும் கருவிகள்), சுவீடனின் ஏம்பாயிண்ட் சைட்டுகள் இவையெல்லாம் பழைய பலியாடுகள். வோர்டெக்ஸ் மாதிரி நடுத்தர விலைப் பிராண்டுகளையும் இப்போது விடுவதில்லை.

லூபோல்ட் பல வருடங்களுக்கு முன்பே வெளிப்படையாக எச்சரித்துவிட்டது: சீனாவில் செய்யப்பட்ட போலிகள் இணையத்தில் விற்கப்படுகின்றன, வெளியிலிருந்து பார்த்து வித்தியாசம் சொல்வது கடினம் என்று. தன் பொருளின் போலியைப் பற்றி ஒரு கம்பெனியே அப்படிச் சொல்கிறது என்றால், படத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவோம் என்று நாம் நினைப்பது கொஞ்சம் அதிகம்தான்.

துப்பாக்கியில் இவ்வளவு போலி இல்லையே, ஸ்கோப்பில் மட்டும் ஏன்?

அமெரிக்கச் சட்டப்படி ஸ்கோப் என்பது துப்பாக்கி அல்ல, வெறும் உதிரிப் பொருள். துப்பாக்கியை ஏலத்தில் எடுத்தால் பொதுவாக அது உரிமம் பெற்ற கடைக்காரர் கைக்குப் போய், பின்னணிச் சோதனை முடிந்த பிறகுதான் உங்கள் கைக்கு வரும். நடுவில் விவரம் தெரிந்த ஒருவர் அதைத் தொட்டுப் பார்த்திருப்பார். ஸ்கோப்புக்கு அந்த வேலையே இல்லை. சட்டை, செருப்பு மாதிரி நேரே வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

அடுத்தது லாபம். வெளிக்கூடு ஒரு அலுமினியக் குழாய். அதைக் கடைந்து, கறுப்புப் பூச்சு ஏற்றி, எழுத்துப் பொறிக்கப் பெரிய செலவில்லை. விலை எல்லாம் உள்ளே இருக்கும் கண்ணாடியிலும், அதன் பூச்சிலும், ரெட்டிகிளை (உள்ளே தெரியும் குறுக்குக்கோட்டுக் குறியை) நகர்த்தும் நுணுக்கமான திருகிலும்தான் இருக்கிறது. வாங்குகிறவர் கண்ணுக்கு முதலில் படுவது வெளிக்கூடு. போலிக்காரர் செலவழிப்பதும் அதில்தான்.

'ரெப்ளிகா', 'ஏர்சாஃப்ட்' என்று போட்டு விற்கிறார்களே, அதுவும் போலியா?

ஏர்சாஃப்ட் என்பது பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கி. அதில் மாட்ட அசல் மாதிரியே தோற்றமுள்ள ஸ்கோப் செய்கிறார்கள். பிராண்ட் பெயர் இல்லாமல் தோற்றத்தை மட்டும் ஒத்திருந்தால் அது ஒரு கதை. லூபோல்ட் என்ற பெயரையே பொறித்திருந்தால், விளம்பரத்தில் ரெப்ளிகா என்று ஒத்துக்கொண்டாலும் அது போலிச் சரக்குதான்.

பெரிய தொல்லை இரண்டாவது கையில் ஆரம்பிக்கிறது. முதலில் வாங்கியவருக்கு அது எண்பது டாலர் பொம்மை என்று தெரியும். இரண்டு வருடம் கழித்து அவர் விற்கும்போது 'ரெப்ளிகா' என்ற வார்த்தை காணாமல் போய்விடும். மூன்றாவது ஆள் அசல் என்று நம்பியே விற்பார். அதனால் விற்பவர் நல்ல மனிதர் என்பது மட்டும் போதாது, அவரும் ஏமாந்தவராக இருக்கலாம்.

அப்படியானால் ஏலத்தின் படங்களைப் பார்த்து எதுவுமே சொல்ல முடியாதா?

இது போலி என்று சில நேரம் சொல்லிவிடலாம். இது அசல் என்று ஒருபோதும் சொல்ல முடியாது. இந்த வித்தியாசம் முக்கியம்.

எழுத்தின் பருமன் சரியில்லை, லூபோல்டின் தங்க வளையம் வெறும் பெயின்ட் மாதிரி இருக்கிறது, பெட்டியில் எழுத்துப்பிழை என்றெல்லாம் அடையாளப் பட்டியல்கள் சுற்றுகின்றன. எனக்கு அவற்றில் பெரிய நம்பிக்கை இல்லை. அந்தப் பட்டியலை நீங்கள் படிப்பதற்கு முன்பே போலி செய்கிறவர் படித்துவிடுவார். அடுத்த தொகுப்பில் எழுத்துப்பிழை இருக்காது. டிரிஜிகான் தன் ஏகாக்கின் எண்களுக்குப் பின்னால் 'ஜேஎன் 8:12' என்று யோவான் நற்செய்தி வசனத்தைக் குறிக்கும் எழுத்துகளைப் பொறித்து வந்தது. 2010 ஜனவரியில் அது செய்தியாகி, ராணுவத்துக்குப் போகும் சரக்கில் இனி பொறிப்பதில்லை என்று கம்பெனி அறிவித்தது. அந்த வசனம் இருந்தால் அசல் என்று நம்புகிறவர்கள் உண்டு. ஆனால் அதுவும் எழுத்துதானே, பொறிக்கத் தெரிந்த எவரும் பொறிக்கலாம்.

படத்திலிருந்து தெரியும் உருப்படியான ஒரே விஷயம், அந்த மாடல் உண்மையில் இருந்ததா என்பது. கம்பெனியின் கேட்லாக்கை எடுத்துவைத்து ஒப்பிடுங்கள். அந்த உருப்பெருக்கத்துக்கு அந்த லென்ஸ் அளவு உண்டா? அந்த மாடலில் ஒளிரும் ரெட்டிகிள் வந்ததா? சிவப்பு, பச்சை இரண்டும் மாறிமாறி எரியும் என்று எழுதியிருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். மலிவு ஸ்கோப்புகளில் அந்த வசதி சாதாரணம். மேலே சொன்ன ராணுவ வகை மாடல்களில் பெரும்பாலும் கிடையாது. செய்யாத மாடலுக்கு அசல் என்று ஒன்று இருக்க வழியில்லை.

விலை எவ்வளவு குறைந்தால் சந்தேகப்பட வேண்டும்?

ஏலத்தின் ஆரம்ப விலையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அசலையும் ஒரு டாலரில் ஆரம்பிப்பவர்கள் உண்டு. ஏலம் முடிந்த விலைகளைப் பாருங்கள். நல்ல ஸ்கோப் பழையதானாலும் விலை அவ்வளவாக விழாது. ஒரு காரணம் வாரண்டி. லூபோல்ட், வோர்டெக்ஸ் இரண்டும் பில் கேட்பதில்லை, முதல் உரிமையாளரா என்றும் கேட்பதில்லை. ஆயுட்கால உத்தரவாதம் பொருளோடு போகிறது. அப்படிப்பட்ட பொருளை, அதன் மதிப்புத் தெரிந்தவர் கால் விலைக்குத் தள்ளமாட்டார்.

ஏலம் என்ற முறையே சந்தேகத்தைக் கழுவிவிடுகிறது என்பதையும் கவனியுங்கள். கடையில் இருநூறு டாலர் என்று ஒட்டியிருந்தால் 'இது எப்படி?' என்று கேட்போம். அதே விலைக்கு ஏலத்தில் ஜெயித்தால் நம் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொள்வோம்.

விற்பவருக்கு நூற்றுக்கணக்கில் நல்ல மதிப்பீடு இருக்கிறதே?

எதை விற்று வாங்கிய மதிப்பீடு என்று பாருங்கள். போன் கவர், சாவிக்கொத்து என்று நூறு விற்றுவிட்டுத் திடீரென்று ஸ்கோப்பாக அடுக்கியிருந்தால், அந்தக் கணக்கே திருடப்பட்டதாக இருக்கலாம். 'பயன்படுத்தியது' என்று சொல்லிவிட்டு ஒரே மாடலில் ஏழெட்டு வைத்திருப்பதும் சரியில்லை.

ஸ்கோப்புக்குக் கிடைத்த மதிப்பீடாகவே இருந்தாலும், அது எப்போது எழுதப்பட்டது? பார்சல் வந்த இரண்டாம் நாள், பெட்டியைத் திறந்த சந்தோஷத்தில். அதுவரை ஒரு குண்டுகூடச் சுட்டிருக்கமாட்டார்கள்.

2023 ஜூன் 27 முதல் அமெரிக்காவில் 'இன்ஃபார்ம்' என்ற நுகர்வோர் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பன்னிரண்டு மாதங்களில் 200 விற்பனைக்கும் 5,000 டாலருக்கும் மேல் புதிய சரக்கு விற்பவரின் அடையாளத்தைத் தளம் சரிபார்க்க வேண்டும். ஆண்டுக்கு 20,000 டாலரைத் தாண்டினால் அவருடைய பெயர், தொடர்பு விவரங்கள் வாங்குபவருக்குத் தெரிய வேண்டும். இவ்வளவு பெரிய வியாபாரியாக இருந்தும் அந்த விவரங்கள் எதுவும் இல்லை என்றால் நகர்ந்துவிடுங்கள்.

சீரியல் நம்பர் இருந்தால் போதாதா?

இருந்தால் போதாது, அதை விசாரிக்க வேண்டும். ஏலம் கேட்பதற்கு முன் விற்பவரிடம் தனிச் செய்தியில் நம்பரைக் கேளுங்கள். கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு போன் போட்டு, "இந்த நம்பர் சரியா?" என்று கேட்காமல், "இந்த நம்பரில் என்ன மாடல் செய்தீர்கள்?" என்று கேளுங்கள். நம்பர் உண்மையாகவே இருந்து, ஆனால் அது வேறு மாடலுக்கு உரியது என்றால் விஷயம் முடிந்தது.

பொருந்தி வந்தாலும் முழு நிம்மதி இல்லை. யாரோ போட்ட அசல் ஸ்கோப் படத்திலிருந்து நம்பரை எடுத்து நூறு போலியில் பொறிக்கலாம். இதற்குப் பயந்துதான் நேர்மையான விற்பனையாளர்கள் சிலர் படத்தில் நம்பரை மறைக்கிறார்கள். அதனால் மறைத்திருப்பது குற்றமில்லை. தனியாகக் கேட்டும் தர மறுப்பதுதான் குற்றம். நம்பர் தெரியும்படி, பக்கத்தில் அன்றைய தேதி எழுதிய துண்டுச்சீட்டோடு ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். பொருள் கையில் இருப்பவருக்கு அது ஒரு நிமிட வேலை.

'மேட் இன் சைனா' என்று இருந்தால் போலிதானே?

அவசரப்படாதீர்கள். வோர்டெக்ஸின் மலிவு வரிசைகள் சீனாவில்தான் தயாராகின்றன, உயர்ந்த 'ரேசர்' வரிசை பெரும்பாலும் ஜப்பானில். லூபோல்டின் ரைஃபிள் ஸ்கோப் என்றால் பீவர்ட்டன், ஏம்பாயிண்ட் என்றால் சுவீடன். ஒவ்வொன்றுக்கும் எந்த நாடு என்று தெரிந்துவைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

எங்கிருந்து அனுப்பப்படுகிறது என்பது இதைவிட நல்ல தடயம். துப்பாக்கி ஸ்கோப்புகள் அமெரிக்க வர்த்தகத் துறையின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. ஒரிகானில் செய்த ஸ்கோப் ஹாங்காங்குக்குப் போய், அங்கிருந்து பாதி விலைக்கு மறுபடியும் அமெரிக்காவுக்கே வருகிறது என்றால் அந்தக் கணக்கு எங்கேயோ உதைக்கிறது.

பார்சல் வந்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

ரைஃபிளில் மாட்டாதீர்கள். ஸ்கோப்பை ரைஃபிளோடு பிடிக்கும் வளையத்தை இறுக்கினால் குழாயில் தடம் விழும். அப்புறம் திருப்பி அனுப்பும்போது 'நீங்கள் பயன்படுத்திவிட்டீர்கள்' என்பார்கள். பெட்டியைத் திறப்பதிலிருந்து வீடியோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஈபேயில் பொருள் கைக்கு வந்ததிலிருந்து 30 நாள்தான் உத்தரவாதம். வேட்டைக்காலம் வரட்டும் என்று அலமாரியில் வைப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

பிறகு வெர்னியர் காலிப்பரால் குழாயின் விட்டத்தை அளந்து பாருங்கள். லூபோல்ட் மார்க் 5ஹெச்டி என்றால் 35 மில்லிமீட்டர், மார்க் 4 நெடுந்தூர வரிசை என்றால் 30. இதில் 'ஏறக்குறைய' என்பதே கிடையாது.

மாட்டாமலே கண்ணாடியையும் திருகையும் சோதிக்க முடியுமா?

நன்றாகவே முடியும். இரண்டு சோதனைகள் போதும்.

ஸ்கோப்பை அதிகபட்ச உருப்பெருக்கத்தில் வைத்து, கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, வெளிச்சமான வானத்தைப் பின்னணியாக வையுங்கள் (சூரியன் பக்கம் வேண்டாம்). கண் வைக்கும் பக்கக் கண்ணாடியில் ஒரு சின்ன ஒளிவட்டம் மிதக்கும். முன் லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் அந்த வட்டத்தின் விட்டம் வரவேண்டும். 50 மில்லிமீட்டர் லென்ஸ், 14 மடங்கு என்றால் சுமார் 3.6 மில்லிமீட்டர். ஸ்கேலை வைத்துப் பாருங்கள். கொஞ்சம் முன்பின் இருக்கலாம். 2 மில்லிமீட்டர்தான் வருகிறது என்றால் முன்னால் பெரிய லென்ஸை வைத்துவிட்டு உள்ளே ஒளியை அடைத்திருக்கிறார்கள், அல்லது உருப்பெருக்கத்தைப் பற்றிப் பொய் சொல்கிறார்கள்.

அடுத்தது திருகு. மரக்கட்டையில் 'வி' வடிவில் வெட்டி, ஸ்கோப்பை அதில் படுக்கவைத்து ரப்பர் பேண்டால் ஆடாமல் கட்டுங்கள். 50 கஜம் தள்ளி, அங்குலக் கோடு போட்ட அட்டையை நிறுத்துங்கள். ஒரு கிளிக் கால் எம்.ஓ.ஏ. (கோண அளவு) என்றால் 40 கிளிக்கில் 10 எம்.ஓ.ஏ. நகர வேண்டும். 50 கஜத்தில் அது ஏறக்குறைய ஐந்தேகால் அங்குலம். 40 கிளிக் மேலே, மறுபடி 40 கிளிக் கீழே. குறுக்குக்கோடு கிளம்பிய புள்ளிக்கே திரும்ப வந்து உட்கார வேண்டும். மட்டமான போலியில் பத்தாவது கிளிக்கில் நகராமல் நிற்கும், பன்னிரண்டாவதில் ஒரே குதியாகக் குதிக்கும், திரும்பும்போது அரை அங்குலம் தள்ளி நிற்கும். ஸ்கோப்பைத் தொடாமல் உருப்பெருக்க வளையத்தை மட்டும் முழுக்கத் திருப்பியும் பாருங்கள். குறிப்புள்ளி ஊர்ந்து போகக் கூடாது.

பனி படியும் சோதனையும் சொல்வார்கள். லூபோல்ட் 1947ல் முதல் ஸ்கோப்பை விற்பனைக்குக் கொண்டுவந்ததற்கே, உள்ளே பனி படிந்து தொல்லை கொடுத்த பழைய ஸ்கோப்புகள்தான் காரணம். அரை மணி நேரம் குளிர்ச்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு வெளியே எடுங்கள். வெளிக்கண்ணாடியில் ஈரம் படிவது இயல்பு, துடைத்தால் போய்விடும். துடைத்தும் போகாத மங்கல் இருந்தால் காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம்.

இயோடெக் சைட்டை எப்படிச் சோதிப்பது?

இதில் போலியின் குட்டு சீக்கிரம் வெளிப்படும். அசல் லேசரைக் கொண்டு ஹோலோகிராமாகக் குறியைக் காட்டுகிறது. போலிகள் பொதுவாக ஒரு எல்இடியை வளைந்த கண்ணாடியில் பட்டுத் தெறிக்கவைக்கும் சாதாரண ரெட் டாட் (சிவப்புப் புள்ளி) வகை. அந்தத் தெறிப்புக்காகக் கண்ணாடியில் சிவப்பாகவோ நீலமாகவோ ஒரு பூச்சு தேவைப்படும். முன்பக்கமிருந்து சாய்த்துப் பார்த்தால் அது பளிச்சென்று தெரியும்.

உருப்பெருக்கி வைத்துக் குறியைப் பாருங்கள். அசலில் வட்டமும் புள்ளியும் பொடிப்பொடித் துகள்களாகத் தெரியும். 'எழுத்து உடைந்திருக்கிறதே, இது மட்டமானது' என்று புதியவர்கள் இதையே குறையாக நினைப்பார்கள். போலியில்தான் வழவழவென்று இருக்கும்.

பட்டனும் பேசும். மேல் அம்புக்குறியை அழுத்தி இயக்கினால் அசல் எட்டு மணி நேரத்தில் தானாக அணையும். கீழ் அம்புக்குறியை அழுத்தி இயக்கினால் நான்கு மணி நேரம். ராத்திரி கீழ் அம்புக்குறியை அழுத்திப் போட்டுவிட்டுத் தூங்குங்கள். காலையில் எரிந்துகொண்டிருந்தால் விடை கிடைத்துவிட்டது. (அணைந்திருந்தால் அசல் என்று கொண்டாடிவிடாதீர்கள், பேட்டரி தீர்ந்தும் போயிருக்கலாம்.) சிவப்பு, பச்சை என்று ஒரே சைட்டில் நிறம் மாறினாலும் போலிதான். இயோடெக் பச்சைக் குறி வைத்து விற்பது உண்மை, ஆனால் அது தனி மாடல்.

ஏகாக்?

பிரபலமான டிஏ31 மாடலில் பேட்டரியே கிடையாது. பகலில் மேலே இருக்கும் ஒளியிழை வெளிச்சத்தை வாங்கிக் குறியை எரியவைக்கும், இரவில் டிரிடியம் என்ற கதிரியக்க வாயு. பேட்டரி மூடி இருந்தாலே டிஏ31 இல்லை. பேட்டரியோடு வரும் அசல் ஏகாக் மாடல்கள் வேறு இருக்கின்றன, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பகலில் ஒளியிழையைக் கையால் மூடினால் குறி மங்க வேண்டும். பிறகு இருட்டறையில் கண் பழகும்வரை கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், மெல்லிய ஒளி தெரிய வேண்டும். டிரிடியத்தின் அரை ஆயுள் 12.3 வருடம். எனவே இருபது வருடப் பழைய அசலில் ஒளி மிகவும் சோர்ந்திருக்கும். ஐந்து வருடம் முன்பு செய்தது என்று சொல்லி ஒளியே இல்லை என்றால்தான் பிரச்சினை.

போலி என்று உறுதியாகிவிட்டது. பணம் திரும்ப வருமா?

தளத்துக்குள்ளேயே பணம் கட்டியிருந்தால் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. கம்பெனியிடமிருந்து 'இது எங்கள் தயாரிப்பு அல்ல' என்று மின்னஞ்சலில் வாங்குங்கள். அதை இணைத்து 'விவரித்தபடி இல்லை' என்ற பிரிவில் புகார் கொடுங்கள். விற்பவர் 'புகாரை மூடுங்கள், பாதிப் பணம் தருகிறேன்' என்று கெஞ்சுவார். மூடாதீர்கள். தளம் கைவிரித்தால் கிரெடிட் கார்டு வங்கியிடம் முறையிடலாம், பேபாலில் 180 நாள் அவகாசம் உண்டு. 'நண்பர், குடும்பம்' என்ற வகையில் அனுப்பிய பணத்துக்கு மட்டும் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. வெளியே பணம் அனுப்பினால் ஐம்பது டாலர் தள்ளுபடி என்று விற்பவர் சொல்வது அதற்காகத்தான்.

ஏலத் தளத்தின்மேலேயே வழக்குப் போட முடியாதா என்றால், கஷ்டம். நகைக் கம்பெனியான டிஃபனி ஈபேமேல் தொடுத்த வழக்கில் 2010ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: குறிப்பிட்ட விளம்பரம் போலி என்று தெரிந்தும் விட்டுவைத்தால்தான் பொறுப்பு, பொதுவாகப் போலி நடமாடுகிறது என்று தெரிந்திருப்பது போதாது. ஆகவே புகார் கொடுக்கும்போது அந்த விளம்பரத்தின் எண்ணைக் குறிப்பிட்டுக் கொடுங்கள். கம்பெனிக்கும் அனுப்புங்கள், உரிமையாளர் கேட்டால் ஈபே வேகமாக நீக்கும்.

நஷ்டத்தைக் குறைக்க வேறு யாருக்காவது விற்றுவிடலாமா?

கூடாது. தெரிந்தே போலிச் சரக்கு விற்பது அங்கே மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 10 வருடம் வரை சிறை, தனிநபருக்கு 20 லட்சம் டாலர் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது.

நன்றாகத்தானே தெரிகிறது, நானே வைத்துக்கொண்டால் என்ன?

சின்ன .22 ரைஃபிளில் வருடக்கணக்கில் ஓடலாம், மறுக்கவில்லை. பெரிய தோட்டாவின் உதையில்தான் உள்ளிருக்கும் சுருள்வில் தளர்ந்து குறி நகரும். அதுவும் ஒரே நாளில் போகாது. நேற்று சரியாக இருந்தது இன்று 100 கஜத்தில் நாலு அங்குலம் விலகும். காகித இலக்கில் அது ஒரு ஓட்டைதான். மான்மேல் என்றால் செத்தும் சாகாமல் காட்டுக்குள் ஓடி மறையும் ஒரு காயம்பட்ட பிராணி. வேட்டைக்கு மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

அப்படியென்றால் ஏலத்தில் வாங்கவே வேண்டாமா?

வாங்கலாம். பழைய, கவர்ச்சியில்லாத வேட்டை ஸ்கோப்புகளை எடுங்கள். எண்பதுகளின் 3-9 (மூன்று முதல் ஒன்பது மடங்கு பெருக்கும்) லூபோல்ட் ஒன்று, பளபளப்புப் போய், வளையத் தடத்தோடு, நூற்றைம்பது இருநூறு டாலருக்கு வரும். அந்த விலைப் பொருளுக்குப் போலி செய்து யாருக்கும் கட்டுப்படியாகாது. நம்பரைச் சொன்னால் எந்த வருடம் செய்தது என்று கம்பெனியிலேயே சொல்வார்கள்.